தேத்தண்ணிப் படக்காரர்

மன்னார்த் தீவில் கழுதைகளைவிடப் பொறுமையான ஒரு சீவனை ஆண்டவர் படைத்தார் என்றால் அது எங்கள் தேத்தண்ணிப் படக்காரர்தான். சொந்தப் பெயரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சண்டை ஓய்ந்து, கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய காலம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் டிவிடி வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். அவர் கொடுக்கிற படங்களில் ஆட்கள் தேத்தண்ணி குடிப்பார்கள். சன்னலால் வெளியே பார்ப்பார்கள். திரும்பவும் தேத்தண்ணி குடிப்பார்கள். படம் முடிந்துவிடும். பெயர் அப்படி வந்தது.

பெரிய கம்பனி எடுத்த படங்கள் இல்லை அவை. நாலைந்து கூட்டாளிகள் சேர்ந்து, ஒரு வீட்டுக்குள்ளேயே எடுத்து முடித்தவை. கதாநாயகன் கிடையாது, அடிதடி கிடையாது. புருசன், பெண்சாதி, தகப்பன், மகள், அவ்வளவுதான். என்ன பாஷை என்றுகூட எங்களுக்கு விளங்காது. படத்தில் ஒருத்தி கால் மணித்தியாலம் கதைப்பாள். கடையில் போட்டுக் காட்டும்போது இவர் பக்கத்தில் நின்று, "மனம் சரியில்லையாம்" என்று மொழிபெயர்த்து முடித்துவிடுவார்.

படம் கேட்டுப் போனால் முதலில் விசாரணை.

"ஆரோட இருந்து பார்க்கப் போறீர்?"

"மனுசியோட."

"மனுசியோட கடைசியா எப்ப ஆறுதலா இருந்து கதைச்சனீர்?"

பதிலைப் பொறுத்துத்தான் டிவிடி வெளியே வரும். மறிச்சுக்கட்டியிலிருந்து ஒரு முஸ்லிம் நானா சண்டைப் படம் வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி வந்தார். இவர் கொடுத்தது, ஒரு கிழவனும் கிழவியும் ரயிலுக்குக் காத்திருக்கிற படம். அடுத்த கிழமை நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் ஏறினார். அடிதான் விழப்போகிறது என்று நான் கதிரையை ஒதுக்கி வைத்தேன். நானா மெல்லக் கேட்டார்:

"அந்தக் கிழவி ரயிலேறி ஊருக்குப் போய்க் கடிதம் ஏதும் போட்டிச்சா?"

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

"போட்டிருக்கும். போடாம இருக்க ஏலாது."

"அப்ப போட்டதுதான்" என்றார் படக்காரர்.

நான் எட்டாம் வகுப்போடு கடலில் வலை இழுக்கப் போனவன். எனக்கே அந்தப் படங்கள் பிடித்துப்போயின. ஒருவன் செத்துப்போன பெண்சாதியின் சட்டையை மடிக்கிறான். முதலில் வேகமாக மடிக்கிறான், பிறகு மெதுவாக, பிறகு மடிக்கவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு நான் சோறு தின்னாமல் எழும்பினேன் என்றால் நம்புவீர்களா? எத்தனை வெடிகுண்டுப் படம் பார்த்திருப்பேன், ஒன்றாவது என்னை அப்படிச் செய்ததா!

படக்காரரிடம் ஒருநாள் என் கதையையும் கக்கிவிட்டேன். எனக்கும் என் தமையனுக்கும் இரண்டு வருசமாகப் பேச்சில்லை. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதில் வந்த வினை. பூசையில் சமாதானம் சொல்லும்போது அவர் வலப்பக்கம் திரும்புவார், நான் இடப்பக்கம் திரும்புவேன். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமி எனக்குப் பரிகாரமாகச் செபம் ஒன்றும் தரவில்லை. "உயிர்த்த ஞாயிறுக்கு முதல் அண்ணனோட கதையும். கதைச்சிட்டு வந்து நன்மை எடும்" என்றார். நற்கருணை நன்மை எடுக்காமல் உயிர்த்த ஞாயிறு வந்தால் எனக்கு அது என்ன பாஸ்கு? ஆனாலும் தமையனைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பாஸ்குவுக்கு முதல் வருகிற தவக்காலம் என்றால் எங்கள் ஊரில் பாட்டு, கூத்து, சினிமா ஒன்றும் இல்லை. படக்காரர் நேரே சுவாமியிடம் போனார்.

"சுவாமி, என்னட்டை ஒரு படம் இருக்கு. பாட்டில்லை, ஆட்டமில்லை, ஒருத்தரும் சிரிக்கிறதில்லை. தவக்காலத்துக்கெண்டே எடுத்த மாதிரி."

சுவாமியால் மறுக்க முடியவில்லை. ஞாயிறு பின்னேரம் பங்கு மண்டபத்துச் சன்னல்களில் கறுப்புச் சீலை கட்டினோம். ஊரே வந்தது. தமையனும் வந்து, வேறு இடமில்லாமல் எனக்குப் பின்வரிசை வாங்கில் இருந்தார்.

படத்தில் ஓர் அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசுவதில்லை. அக்கா அடுப்படியில், தங்கை மேசையில். சத்தமே இல்லை. ஒரு நிமிசம், இரண்டு நிமிசம். மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இவ்வளவு அமைதி வந்தால் அடுத்தது செபம்தானே? முன்வரிசை வாங்கில் இருந்த ஆக்னஸ் அக்கா செபமாலையை எடுத்து, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கிவிட்டா. நாங்களும் பழக்கத்தில் "புனித மரியே" என்று முழங்கினோம். செபமாலையில் பத்து மணியும் உருட்டித் தலை நிமிர்ந்தால், திரையில் அக்காவும் தங்கையும் இன்னும் அசையவில்லை.

படக்காரர் கோபிப்பார் என்று பார்த்தால் முகமெல்லாம் பூரிப்பு. "படம் விளங்கின சனம்" என்றார்.

கடைசியில் அக்கா இரண்டு குவளையில் தேத்தண்ணி ஊற்றினாள். ஒன்றைத் தங்கைக்கு முன்னால் தள்ளினாள். தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மெல்ல எழும்பியது.

படக்கென்று திரை இருண்டது.

"கரண்ட் போயிட்டுது" என்றார் படக்காரர்.

மண்டபம் கொதித்தது. குடித்தாள் என்று பாதி, குடிக்கவில்லை என்று மீதி. ஆக்னஸ் அக்கா செபமாலையைத் தூக்கிப் பிடித்துச் சத்தியமே செய்தா. அந்த இரைச்சலுக்குள், என் காதுக்குப் பின்னால் ஒரு குரல்.

"டேய் தம்பி, அவள் குடிச்சிருப்பாளோ?"

தமையன்தான். திரும்பாமலே சொன்னேன்.

"குடிச்சிருப்பாள் அண்ணை. ஆற முதலே குடிச்சிருப்பாள்."

"ஓம். ஆறினால் பிறகு என்னத்துக்கு."

இரண்டு பேரும் ஒன்றாக வெளியே வந்தோம். வெயில் கண்ணைக் குத்தியது. அப்போதுதான் கேட்டேன்: சுவாமியின் வீட்டுத் தண்ணி மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது. திரும்பிப் பார்த்தேன். படக்காரர் பிளக் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி நின்றார். படத்தின் நடுவில் ஒருவன் இருமினாலே முறைக்கிற மனுசன்!

அந்தப் பாஸ்குவுக்கு நானும் தமையனும் ஒரே வரிசையில் நின்று நன்மை எடுத்தோம். சில வருசம் கழித்துப் படக்காரர் மகளோடு வெளிநாடு போனார். போகும்போது அந்த டிவிடியை என் கையில் வைத்தார். அலுமாரியில் தீர்த்தப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மிச்சத்தை இன்னும் நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

இரவுச் செபத்தில் அவருக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுவோம். சொல்லி முடித்ததும் உடனே எழும்புவதில்லை. ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருப்போம். அவருக்கு அதுதான் பிடிக்கும்.