சம அகல எழுத்துருவும் தச்சநல்லூர்க் குழாயும்

தச்சநல்லூர் மாவு மில் தாணுமாலையனுக்கு வேண்டியது ஒரே ஒரு குடிநீர்க் குழாய். மனைவி இசக்கியம்மாவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. இனிமேல் குடம் தூக்கினால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே மனிதர் குடிநீர் அலுவலகத்தில் மனு போட்டார். போட்ட நேரம் நல்ல நேரமில்லை. அந்த வாரம்தான் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குப் புது எழுத்துரு வந்து இறங்கியிருந்தது.

சாதாரண எழுத்துரு இல்லை, சம அகல எழுத்துரு! திரையில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம். ஒல்லிக்குச்சி 'ர'வுக்கும் தொந்தி பெருத்த 'ண'வுக்கும் ஒரே அளவு நாற்காலி. "எழுத்துகளுக்குள் நிலவிய ஏற்றத்தாழ்வு இன்றோடு ஒழிக்கப்பட்டது" என்று பொறியாளர் அப்பாத்துரை குத்துவிளக்கேற்றிப் பேசினார். மேலிடத்துப் பாராட்டும் வந்தது. எழுத்தெல்லாம் பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றது கண்ணுக்கு அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒல்லிகளுக்கும் இப்படித் தாராளமாக இடம் கொடுத்ததில், திரையில் விவரம் நிரப்பும் கட்டத்தின் கடைசியில் நின்றவையெல்லாம் வெளியே விழுந்தன.

தாணுமாலையனின் முகவரியில் தெருப்பெயரோடு கட்டம் முடிந்தது. வீட்டு எண்ணைக் காணோம். குழாய் பதிக்க வந்தவர்கள் தெருமுனையில் ஒன்றை நட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

"ஏலே, என் வீடு அங்கன கடைசியில லா இருக்கு!"

"ஆர்டர்ல தெருவோட முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. நாங்களும் அதோட முடிச்சிக்கிட்டோம்."

அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். கம்ப்யூட்டர் பிரிவில் ரீபா இருந்தாள்.

"கட்டத்தக் கொஞ்சம் பெருசாக்கும்மா."

"கட்டத்தத் தொட்டா வரிசை குலைஞ்சிரும். சார் ஏசுவாரு."

"அப்ப என் வீடு?"

"வீட்டக் கொஞ்சம் முன்னால தள்ள முடியுமான்னு சார் கேக்கச் சொல்லுதாரு."

வந்த ஆத்திரத்தில் அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதினார். ஆனாலும் பெரிய ஆபீசருக்கு எழுதுவது, எடுத்த எடுப்பிலேயே ஏச முடியுமா? 'குழாய் தந்த தங்கள் பொற்கரங்களுக்குக் கோடானுகோடி நன்றி' என்று தொடங்கி, ஒரு 'ஆனால்' போட்டு, அதற்கப்புறம் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். ரீபா ஒரு எழுத்து விடாமல் தட்டினாள். கட்டம் நன்றியோடு முடிந்தது.

அடுத்த வாரம் தெருமுனையில் திறப்பு விழா. அப்பாத்துரை அந்த நன்றிக் கடிதத்தை மைக்கில் வாசித்துக் கண்கலங்கினார். தெருவே கைதட்டியது. தட்டாமல் என்ன செய்யும்? முனைவீட்டுக்காரர்களுக்குக் குழாய் வாசலிலேயே வந்து நிற்கிறதே! "அண்ணாச்சி, பேசிக் கெடுத்துராதிய" என்று முனைவீட்டு மணிராஜ் காதைக் கடித்து, அவரை மேடைக்குத் தள்ளிவிட்டான். பொன்னாடை தோளில் விழுந்தது. மைக் கைக்கு வந்தது. கேட்க வேண்டியதெல்லாம் தொண்டைவரைக்கும் வந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே, என்ன செய்வது, சிரித்துவைத்தார். கும்பிட்டும் வைத்தார்.

வீட்டில் இசக்கியம்மா சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"மைக்கப் பிடிச்சு என்னத்தச் சொன்னிய?"

"நன்றி சொன்னேன்."

அவர் தோளில் கிடந்த பொன்னாடையை உருவி, சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, குடத்தை எடுத்துத் தெருமுனைக்கு நொண்டி நொண்டி நடந்தாள்.