பிள்ளையாருக்குப் பல் பிடுங்கிய வெள்ளிக்கிழமை

பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. பயந்து சும்மா இருப்பவர்கள், பயந்து ஏதாவது செய்பவர்கள். முதல் வகையால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் இரண்டாவது வகை. பயம் வந்தால் என் கைகால் சும்மா இருக்காது, வாய் அதைவிடச் சும்மா இருக்காது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பல் மருத்துவமனைகளுக்காக நோயாளிகளுக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்புவது எங்கள் தொழில். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. நானோ என்னைப் பெரிய மேதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (மேசையில் மூன்று திரை வைத்திருந்தேன். அதில் ஒன்று வேலையே செய்யாது.)

எங்களிடம் சொந்தமாக எழுதிய ஒரு ரெகெக்ஸ் நூலகம் இருந்தது. ரெகெக்ஸ் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அரிசியில் கல் பொறுக்குகிறோம் இல்லையா, அதுபோல எழுத்துக் குவியலிலிருந்து இன்ன வடிவத்தில் இருப்பதை மட்டும் பொறுக்கி எடு என்று கணினிக்குச் சொல்லும் முறை. அந்தப் பொறுக்கும் வேலையைச் செய்யும் நிரல்களின் தொகுப்புதான் நூலகம். எங்களுடைய நூலகம் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போனது. அதைத் தொட எல்லாருக்கும் பயம்.

அதில் ஒரு பிழை. நம் ஆட்களின் பெயர்தான் தெரியுமே, குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் சரவணன் ஏ/எல் முனியாண்டி, அதாவது முனியாண்டி மகன் சரவணன் என்று இருக்கும். பெண்ணாக இருந்தால் ஏ/பி. அந்த நடுவில் இருக்கும் சாய்கோட்டைக் கண்டாலே எங்கள் நூலகம் அங்கேயே நின்றுவிடும். ‘அன்புள்ள சரவணன் ஏ’ என்று செய்தி போகும். தமிழ் நோயாளிகள் எல்லாரும் மருத்துவமனையில் சண்டை போட்டார்கள்.

"நீதான் தமிழ்ப் பொண்ணு, நீயே பாரு லா," என்றார் என் குழுத் தலைவி மெய் லிங். சாய்கோட்டுப் பிழையைத் திருத்த வேண்டும். கூடவே ஒரு புது வசதியும் சேர்க்க வேண்டும்: ஒரு வரியில் எத்தனை பெயர் இருந்தாலும், அப்பா பெயரோடு சேர்த்து, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் செய்தி அனுப்புவது.

நான்கே நாளில் எழுதி முடித்தேன். சோதித்துப் பார்க்க நிறையத் தமிழ்ப் பெயர்கள் வேண்டும். நோயாளிகளின் பெயரைத் தொடக் கூடாது என்று சட்டம். அப்போதுதான் என் மூளையில் அந்த விளக்கு எரிந்தது. எரியாமலே இருந்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் என் அண்ணன் தினேஷுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் கொடுத்தவர்களின் பட்டியல் என் மடிக்கணினியில் இருந்தது. முந்நூற்று எண்பது பேர், பெயர், கைப்பேசி எண், முகூர்த்த நாள், நேரம் எல்லாம் கட்டம் கட்டமாக. அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டியது. இதைவிட நல்ல சோதனைப் பட்டியல் மலேசியாவில் வேறு எங்கே கிடைக்கும்?

‘நிஜ ஆட்களுக்குச் செய்தி போய்விடாதா?’ என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். எங்களிடம் ஒரு பூட்டு இருந்தது. எண்ணுக்கு முன்னால் டெஸ்ட் என்று எழுதி ஒரு சாய்கோடு போட்டால், அந்த எண்ணுக்குச் செய்தி போகாது. எல்லா எண்ணுக்கும் போட்டேன். பொத்தானைத் தட்டினேன். திரை அசையாமல் நின்றது. பெரிய பட்டியல், மெதுவாக ஓடும் என்று நினைத்துக் கீழே பிசாங் கோரேங் வாங்கப் போனேன்.

அந்தப் பூட்டில் இருக்கும் சாய்கோட்டைக் கண்டுபிடிப்பதும் இதே நூலகம்தான் என்பதும், சாய்கோட்டின் விதியைத்தான் நான் நான்கு நாளாக மாற்றிக்கொண்டிருந்தேன் என்பதும், பொரித்த வாழைப்பழம் வாயில் இருக்கும்போது அம்மா கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது.

"ஏய் வாணி, கோயில் செக்ரட்டரி ராஜூ அண்ணன் போன் பண்ணாரு. பிள்ளையாருக்குப் பல்லு பிடுங்கணும்னு மெசேஜ் வந்துகிட்டே இருக்காம். அதுவும் ஞாயித்துக்கிழமை ஒன்பதரைக்கு! நம்ம முகூர்த்த நேரம்டி! உங்க ஆபீசு வேலையா இது?"

"ஸ்கேமா இருக்கும்மா," என்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பத்திரிகை பிள்ளையாருக்கு. பத்திரிகையைச் சந்நிதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. ஆகவே பட்டியலின் முதல் வரியே ‘ஸ்ரீ விநாயகர்’. எண் இருக்கும் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் ராஜூ அண்ணனின் எண்ணைப் போட்டேன். பிள்ளையாருக்குப் போயிருக்கிறது என்றால் இரண்டாம் வரிக்கும் போயிருக்கும். இரண்டாம் வரி யார்? கல்யாணப் பெண்ணின் அப்பா, ரவாங்கில் இருக்கும் குமரேசன் அங்கிள்.

மீதிப் பழத்தை அப்படியே கீழே போட்டேன்.

குமரேசன் அங்கிள் இடைநிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டொழுங்கு ஆசிரியரும் அவரே. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்தக் கல்யாணத்துக்கு ஏற்கெனவே இரண்டு தடங்கல். பெண் பார்க்கப் போன அன்று நாங்கள் இரண்டு மணி நேரம் தாமதம். அப்புறம் மண்டபக்காரர் நாளைக் குளறுபடி செய்து, தேதி மாறியது. அப்போது அங்கிள் அப்பாவிடம் நேராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடங்கல் வந்தா இது தெய்வத்துக்கே பிடிக்கலன்னு அர்த்தம். நிறுத்திக்குவோம்." பல் விழுகிற மாதிரிக் கனவு கண்டாலே வீட்டுக்கு ஆகாது என்று சொல்கிற சனம் நாம். அவருக்கு முகூர்த்த நேரத்தில் பல்லையே பிடுங்க அப்பாயின்ட்மென்ட்! அண்ணன் கல்யாணம் நின்றால் காரணம் நான். என் அண்ணன் யாழினி அண்ணியை நான்கு வருடமாகக் காதலிக்கிறான். அவன் முகம் கண்முன் வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேலே ஓடினேன். நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன். ஏன் இன்னும் ஓடுகிறது என்று ஒரே ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. யாருக்கெல்லாம் செய்தி போனது என்ற பதிவு மறுநாள் காலையில்தான் எங்களுக்கு வரும். மெய் லிங்கிடம் சொல்லலாம். சொன்னால் வேலை போகும். அங்கிளிடம் போனில் சொல்லலாம். சொன்னால் கல்யாணம் போகும். அங்கிள் சாயங்காலம் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கைப்பேசியைப் பார்ப்பார் என்று அண்ணி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மணி நாலே கால். அவர் விளக்கேற்றுவதற்குள் ரவாங் போய், எப்படியாவது அந்தக் கைப்பேசியை வாங்கி, செய்தியை அழித்துவிட வேண்டும்.

(படித்த பெண். மூன்று திரை. திட்டத்தைப் பாருங்கள்.)

கே.எல். சென்ட்ரலுக்கு ஓடி ரயிலைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் உயிர் இறங்கி ஏறியது. கைப்பேசி அதிர்ந்தது. செலாயாங் அத்தை: ‘ஞாயித்துக்கிழமை காலைல பசியாறிட்டு வரணுமா, அங்கயே இருக்கா?’ எங்கள் செய்தியின் கடைசி வரியே ‘வெறும் வயிற்றோடு வரவும்’ என்பதுதான். அத்தைக்கும் போய்விட்டது! அத்தைக்குப் போனால் செலாயாங் முழுக்கப் போனது மாதிரி. பதில் போடாமல் கைப்பேசியைப் பையின் அடியில் திணித்தேன். எனக்குத் தெரிந்த எல்லா முருகனையும் கூப்பிட்டேன். பிள்ளையாரைக் கூப்பிட மட்டும் முகமில்லை.

ரவாங்கில் இறங்கி வண்டி பிடித்து அவர்கள் வீடு இருக்கும் தாமானுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிள் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசி வரவேற்பறை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. சன்னல் வழியாக அதைத்தான் முதலில் பார்த்தேன். அவரை அப்புறம்தான் பார்த்தேன்.

"என்னம்மா வாணி, திடீர்னு? வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க அங்கிள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்." (பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரவாங்குக்குச் சும்மா வருகிற ஆள் உலகத்திலேயே இல்லை.) "அங்கிள், என் போன்ல பேட்டரி இல்ல. உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா? அம்மாவுக்குப் பேசணும்."

அந்த நொடி பார்த்து என் பைக்குள்ளிருந்து என் கைப்பேசி மணியடித்தது. சும்மா அல்ல, தவிலும் நாதசுரமுமாக. கல்யாண உற்சாகத்தில் நானே வைத்த மணி. கூப்பிட்டது அம்மாவாகத்தான் இருக்கும்.

அங்கிள் தண்ணீர்க் குழாயை மூடினார். என் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எத்தனை ஆயிரம் பிள்ளைகளை அப்படிப் பார்த்திருப்பாரோ, நான் தானாகக் கைகட்டி நின்றேன்.

"உண்மையைச் சொல்லு."

சொன்னேன். மூச்சுவிடாமல், அழுதுகொண்டே, சாய்கோட்டிலிருந்து பிசாங் கோரேங் வரை. "உங்களுக்குப் பல்லு பிடுங்கறதா வந்திருக்கும் அங்கிள், அது தடங்கல் இல்ல, என் முட்டாள்தனம். என்னை அடிங்க, என்ன வேணா செய்ங்க, அண்ணன் கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க!" என்று கைகூப்பினேன். பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு வந்து நின்றுவிட்டார்.

அங்கிள் உள்ளே போனார். கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டினார். கைப்பேசியைத் திறந்து மேலும் கீழும் தள்ளினார்.

"எனக்கு ஒண்ணும் வரலையேம்மா."

"வரலையா?"

"வரல. யாருக்குத்தான் வந்துச்சு?"

"பிள்ளையாருக்கு," என்றேன்.

அவருக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறது. ரயிலேறி வந்து, மெனக்கெட்டு, மூன்றாவது தடங்கலை அவர் வீட்டு வாசலிலேயே நான்தான் இறக்கி வைத்திருக்கிறேன். அந்த நிமிடம் பூமி பிளந்திருந்தால் வரிசையில் நிற்காமல் முதல் ஆளாக உள்ளே போயிருப்பேன்.

அங்கிள் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டு, பேனாவையும் நீட்டினார். "உன் நூலகம் எப்படி வேலை செய்யுது, எழுதிக் காட்டு."

எழுதினேன். பெயரைக் கண்டுபிடி, அப்பா பெயரைக் கண்டுபிடி, செய்தியை அனுப்பு, கடைசியாகக் கண்டுபிடித்ததன் நீளத்துக்கு முன்னால் நகரு, மறுபடி தேடு. கணித ஆசிரியர் என் முதல் வரியில் விரல் வைத்தார்.

"பிள்ளையாருக்கு அப்பா பேரு எங்க?"

"இல்ல அங்கிள். ஸ்ரீ விநாயகர்னு மட்டும்தான் போட்டேன்."

"அப்ப அந்த இடத்துல உன் நிரல் என்ன கண்டுபிடிக்கும்?"

"ஒண்ணும் இல்ல... வெறும் இடம். நீளம் பூஜ்யம்."

"பூஜ்யம் நீளத்துக்கு எவ்வளவு தூரம் நகரும்?"

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. நகரவே நகராது. நின்ற இடத்திலேயே மறுபடி தேடும், மறுபடி வெறுமையைக் கண்டுபிடிக்கும், மறுபடி செய்தி அனுப்பும். நிரல் முதல் வரியைத் தாண்டவே இல்லை. அம்மா ‘வந்துகிட்டே இருக்கு’ என்று சொன்னது அதைத்தான். நான் பிசாங் கோரேங் தின்ற நேரமெல்லாம் பிள்ளையார் ஒருவரே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தார். அத்தை கேட்டது நிஜமாகவே பசியாறலைப் பற்றி.

"அப்பா பேரு இல்லாத சாமியா அவரு? சிவபெருமான் கோவிச்சுக்க மாட்டாரு?" என்றார் அங்கிள். "விநாயகர் ஏ/எல் சிவபெருமான்னு போட்டிருந்தா அடுத்தது எனக்கு வந்திருக்கும். எனக்கு வந்திருந்தா, சத்தியமா நிறுத்தியிருப்பேன்." சொல்லிவிட்டு அவர் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. கண்ணில் நீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பாவம்மா அவரு. ஏற்கெனவே ஒரு கொம்பு ஒடிஞ்சவரு."

அண்ணி ஓடிவந்து, அப்பா சிரிப்பதைப் பார்த்துப் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

கல்யாணம் நடந்தது. ராஜூ அண்ணனுக்கு நானூற்றுச் சொச்சம் செய்தி. சூடு தாங்காமல் கைப்பேசியைச் சந்நிதிப் படியில் வைத்துவிட்டாராம். மன்னிப்பாக நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கச் சொன்னார். ஞாயிறு விடிகாலையில் உடைத்தேன். கல்யாண ஆல்பத்தில் ஒவ்வொரு படத்திலும் பட்டுச்சேலையோடு, வலது கையில் கட்டோடு நிற்பவள் நான்தான். திங்கட்கிழமை மெய் லிங்கிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். வேலை போகவில்லை, தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீண்டது. அப்பா பெயர் இல்லாத பெயர் ஒன்றை முதல் சோதனையாக வைக்கச் சொன்னார். இன்றும் அந்த நூலகத்தில் யார் என்ன மாற்றினாலும் முதலில் பிள்ளையாரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இப்போது எனக்கே கல்யாணம். பட்டியல் எழுதும் பொறுப்பை என்னிடம் தர வீட்டில் ஒருவரும் தயாரில்லை. குமரேசன் அங்கிள்தான் எழுதினார், அந்தக் கால வகுப்பறைக் கையெழுத்தில், கோடு போட்ட தாளில். போன வாரம் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, சரிபார்க்கச் சொன்னார். முதல் வரியில், விநாயகர் ஏ/எல் சிவபெருமான். பக்கத்துக் கட்டத்தில் கைப்பேசி எண்.

என்னுடையது.