மைத்துனன் கை

ரத்த அழுத்தக் கருவி நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. கிரேன்காரர் அதை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினார். நூற்று அறுபத்துநாலு.

"முறைச்சா ஏறத்தான் செய்யும்," என்றாள் மனைவி.

ஏறினால் கதை கந்தல். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஏழு நாள் காலையில் பார்த்து நோட்டில் எழுதி வரவேண்டும், நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால்தான் தகுதிச் சான்றிதழில் கையெழுத்து. இல்லாவிட்டால், இருபது வருஷமாக உச்சியில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தவர் இனிமேல் கிடங்கில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்க வேண்டும். அந்த நினைப்பே பத்துப் புள்ளி ஏற்றியது.

கண்ணை மூடிப் பார்த்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார். நூற்று எழுபது.

"மெஷின்ல கோளாறுடி."

அதை நிரூபிக்க ஓர் ஆள் வேண்டும். மாடியில் குடியிருந்த மைத்துனன், மனைவியின் தம்பி, அகப்பட்டான். அவனுக்கு அழுத்தத்தோடு சர்க்கரையும் உண்டு. அதனால் அதே டாக்டர் அவனுக்குக் கோட்டை இன்னும் கீழே, நூற்று முப்பதில் போட்டிருந்தார். மாத்திரையை மறப்பதிலும் கேக்கை மறக்காமல் இருப்பதிலும் கெட்டிக்காரனான அவன், அந்தக் கோட்டை ஒருநாளும் தொட்டதில்லை.

"மாப்ளே, கையை நீட்டு. மெஷின் சரியா இருக்கான்னு பாக்கணும்."

நூற்று முப்பத்தெட்டு.

கிரேன்காரருக்கு வயிறு எரிந்தது. வேளை தவறாமல் மாத்திரை விழுங்கி, உப்பைக் குறைத்து நாக்கைக் கட்டிப்போட்டவருக்கு நூற்று எழுபது. தின்றுவிட்டுத் தூங்குகிறவனுக்கு நூற்று முப்பத்தெட்டா? எரிச்சல் அடங்கியதும் பேனாவை எடுத்தார். தன் பெயருக்குக் கீழே அந்த எண்ணை எழுதினார். யார் கை என்று நோட்டு கேட்கவா போகிறது?

மறுநாளும் மெஷின் சோதனை. நூற்று முப்பத்திரண்டு. மைத்துனன் நோட்டை எட்டிப் பார்த்தான். கிரேன்காரர் சட்டென்று மூடினார்.

"நாளைக்கும் வரணுமா மாமா?"

"வா, வா. மெஷின் மேல இன்னும் சந்தேகமாத்தான் இருக்கு."

அதற்கடுத்த நாள் நூற்று இருபத்தைந்து. எண் இறங்க இறங்கக் கிரேன்காரருக்குச் சந்தோஷம் ஏறியது.

"உன் தம்பிக்கு என்னடி ஆச்சு? பிஸ்கட்டை நீட்டினா வேண்டாங்கிறான்."

"காலைல நடக்கக்கூடப் போறான். இந்த வயசுல யாரையாவது பாத்துட்டானோ என்னவோ."

ஏழாம் நாள் நூற்று நாலு. கிரேன்காரர் தலைவாரிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் நோட்டைப் புரட்டப் புரட்ட அவர் புருவம் சுருங்கியது.

"ஒரே வாரத்துல நூத்தி நாலா? இதோட கிரேன்ல ஏறினா தலை சுத்திக் கீழ விழுவீங்க. கையெழுத்துப் போட மாட்டேன். முதல்ல உங்க மாத்திரையைப் பாதியாக்கணும்."

கிரேன்காரருக்கு வியர்த்தது. ஏற்கெனவே ஏறிக்கிடக்கிற அழுத்தத்துக்கு மாத்திரையும் பாதியானால் வேலையோடு உயிரும் போய்விடும்.

"டாக்டர், அது... என் மச்சினன் கை."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு, "இந்தக் கை இவரோடதுதானான்னு பாத்துட்டுக் கட்டுங்கம்மா," என்றார்.

நூற்று அறுபது. வேறு மாத்திரை, புது நோட்டு, இன்னும் ஒரு வாரம். அதுவரை கிடங்கும் சீட்டும்தான்.

"எல்லாம் அவனால வந்தது," என்று கிரேன்காரர் முணுமுணுத்தார். "பத்து வருஷமா அவன் அக்கா தொண்டை கிழியக் கத்தியும் கேக்காதவன், என் வேலை தொங்குற வாரத்துலதானா திருந்தணும்?"

நர்ஸ் பட்டையைக் கழற்றினாள்.

"நேத்து அவர் சர்க்கரை பாக்க வந்தப்போ, எப்படித் திருந்தினீங்கன்னு நானும் கேட்டேன் சார். 'என் கையை நம்பித்தான் மாமாவோட வேலையே இருக்கு சிஸ்டர், எப்படி மாத்திரையை மறக்கிறது'ன்னாரு."