சும்மா நிற்கிற மரத்துக்கு ஒரு கோட்டிங்

பழைய மரச்சாமான்களுக்கு மறுவாழ்வு கொடுக்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்களிலும் ஒருவராவது இருப்பார். அடையாளம் சொல்கிறேன். நகக்கண்ணில் எப்போதும் ஒரு நிறம் ஒட்டியிருக்கும். போன வாரம் பார்த்த நிறமாக இருக்காது. தெருவில் மூன்று காலோடு சாய்ந்து கிடக்கும் நாற்காலியைக் கண்டால், அடிபட்ட நாய்க்குட்டியைக் கண்டதுபோல முகம் இளகிவிடும். "பாவம், இதுக்கு இன்னும் உயிர் இருக்கு" என்பார். உயிர் இருக்கிறதோ இல்லையோ, பூச்சி இருக்கும்.

மொந்தேவிதேயோ நகரத்தில் இந்த இனம் செழிப்பதற்கு வசதி அதிகம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருக்கிறது. அது போதாதென்று, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்த பொருள் முதலில் கை வைத்தவருக்குத்தான் என்ற சட்டமும் இருக்கிறது. யாரும் எழுதி வைக்காத சட்டம். எல்லோரும் மதிக்கிற ஒரே சட்டமும் அதுதான்.

பஸ் ஓட்டும் ஹெபருக்கு இந்த இனத்தில்தான் மனைவி வாய்த்தாள். நிபியா என்று பெயர். கல்யாணமான பதினோரு வருடத்தில் கட்டில், புத்தக அலமாரி, சமையலறை முக்காலி, ஹெபரின் அப்பா ஆசையாகக் கொடுத்த சாய்வு நாற்காலி, கடைசியில் கழிப்பறை மூடி உட்பட, வீட்டில் ஓடத் தெரியாத அத்தனையும் கடல் பச்சையாகி, பிறகு முட்டை வெள்ளையாகி, அதற்கும் பிறகு ஓரங்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வேண்டுமென்றே பழசாக்கப்பட்டுவிட்டன. பழசைப் புதிதாக்கி மறுபடி பழசாக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்!

தப்பியது ஒன்றே ஒன்று. கறுத்துக் கனத்த சாப்பாட்டு மேசை. வெள்ளிக்கிழமைதோறும் ஹெபரும் மூன்று சிநேகிதர்களும் அதில்தான் துருக்கோ சீட்டு ஆடுவார்கள். கையில் ஒன்றுமில்லாதவன்தான் அதிகமாகக் கத்தி, மேசையை ஓங்கித் தட்டுகிற ஆட்டம் அது. முட்டை வெள்ளை மேசையை யார் ஓங்கித் தட்டுவது?

"நாலு காலையும் வெள்ளையாக்கிடுறேன் ஹெபர். மேல தொடவே மாட்டேன்."

"தொட்டுப் பாரு. மேசையைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

இந்த நிலையில் அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், பக்கத்துக் கட்டடத்துக்கு யாரோ குடிவந்தார்கள். சாமான் ஏற்றிவந்த ஆட்கள் ஓர் இழுப்பறை அலமாரியை இறக்கி, இடம் பார்க்காமல் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஃபிளாஸ்கில் வெந்நீர் தீர்ந்தது. வெந்நீர் ஊற்றி உறிஞ்சுகிற மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடிக்காமல் இந்த ஊரில் மூன்றாவது மாடிக்கு அலமாரி தூக்கினவன் உண்டா? அலமாரியை அங்கேயே விட்டுவிட்டு, பெட்ரோல் பங்க்கில் இருக்கும் வெந்நீர் மெஷினில் பிடித்துவர எல்லோரும் போய்விட்டார்கள்.

ரொட்டி வாங்க இறங்கிய நிபியா அலமாரியைப் பார்த்தாள். பெயின்டும் இல்லை, வார்னிஷும் இல்லை.

"ஹெபர்! ஓடி வா! பாவம், அம்மணமா நிக்குது!"

ஹெபர் ஓடி வந்தான். தூக்கினான். கேள்வி கேட்காமல் தூக்கினான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அலமாரிக்கு ஆசைப்பட்டவள் மேசையை மறந்துவிடுவாள் என்பது அவன் கணக்கு. மூன்று மணிக்குள் அலமாரி வான நீலம், இழுப்பறைகள் மஞ்சள்.

நாலரைக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் புதிதாகக் குடிவந்த தெல்மா டீச்சர், கக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்றார்.

"என் அலமாரி இங்க வந்துச்சுன்னு ரொட்டிக்கடையில சொன்னாங்க…"

அதற்குள் அலமாரி கண்ணில் பட்டுவிட்டது.

"நீலம் வெளிச்சத்துக்கு நல்லா எடுக்கும் டீச்சர்" என்று நிபியா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அதுல ஒன்பது கோட்டிங் இருந்துச்சும்மா" என்றார் டீச்சர். "எந்தப் புண்ணியவதி அடிச்சாளோ தெரியல. ஏழு மாசம் உக்காந்து சுரண்டினேன். மூணு சுரண்டித் தகடு தேஞ்சு போச்சு. போன செவ்வாய்க்கிழமைதான் மரத்தோட முகத்தைப் பாத்தேன்."

எதிர் இனம்! வர்ணம் அடிப்பவர்களைப் படைத்த கையோடு, சுரண்டுபவர்களையும் படைத்துத்தானே உலகம் ஓடுகிறது?

டீச்சர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வார்டைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். கறுத்த மேசையில் பார்வை நின்றது.

"இதை எடுத்துட்டுப் போறேன். அலமாரி பழையபடி மரமா வரட்டும், மேசையைத் தரேன்."

"டீச்சர், வெள்ளிக்கிழமை ஆட்டம் இருக்கு…" ஹெபர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"தரையில ஆடுங்கப்பா. நீதானே தூக்கினே? நீதான் சுரண்டணும். அவ கையில சுரண்டியைக் கொடுத்தா பிரஷ்ஷைத் தேடுவா."

ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஹெபர் டீச்சரின் கட்டடத்துக் கொல்லைப்புறத்தில் குந்தியிருந்து சுரண்டினான். நீலம் போயிற்று, மஞ்சள் போயிற்று. மூலைமுடுக்குக்குப் பல் துலக்கும் பிரஷ், முடிச்சுகளுக்கு உப்புத்தாள். வெள்ளிக்கிழமைகளில் நால்வரும் முழங்காலில் பலகை வைத்து ஆடினார்கள். ஒருவன் ஓங்கித் தட்டியதில் பக்கத்தில் இருந்தவனுக்குக் கால் வீங்கியது.

ஐந்தாவது ஞாயிறு தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. டீச்சர் உள்ளங்கையால் தடவிப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்லையே! போப்பா, உன் மேசையைத் தூக்கிட்டுப் போ."

ஹெபர் எழுந்திருக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து அலமாரியைப் பார்த்தபடி இருந்தான்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு நாள் கூடவே இருந்துட்டேன், அதனால சொல்றேன்."

"சொல்லு."

"மேல் இழுப்பறை கொஞ்சம் வாட்டமா தெரியுது. லேசா ஒரு பச்சை கொடுத்தா…"

மேசை இன்றுவரை டீச்சர் வீட்டில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டமும் அங்கேதான். ஹெபரின் இடத்தில் டீச்சர் உட்கார்ந்து, மற்ற மூவரையும்விட ஓங்கித் தட்டுகிறார் என்று கேள்வி. ஹெபரை உள்ளே விடுவதில்லை. அவனுக்கும் நேரமில்லை, சமையலறை முக்காலிக்கு இரண்டாவது கோட்டிங் காய்கிற நேரம் அது.

சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதைப் படித்துக்கொண்டே நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை ஒரு தடவை குனிந்து பார்த்தீர்களே, அப்போது மனதில் ஓடியது என்ன நிறம்?