அமைச்சரின் வலது கால்

வரைபடத்தில் பின்லாந்தைத் தேடிப் பிடியுங்கள். அதற்கு மேலே, மை சற்று ஊறிப்போன இடத்தில் ஹல்லவீக் என்றொரு நகரம் இருந்தது. நகரத்துக்கு முன்னால் விரிகுடா, அதற்கு அப்பால் ஒரு தீவு. இரண்டுக்கும் நடுவே தோணி ஓடும். ஆண்டின் முதல் மாதம் பிறந்தால் கடல் கல்லாக உறைந்துவிடும். அப்போது தோணியைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, பனிக்கட்டியில் துளையிட்டு, வழியெங்கும் ஊசியிலை மரக் கிளைகளை நட்டுச் சாலை போடுவார்கள். கிளைகளை ஒட்டி நடந்தால் உயிருக்குப் பயமில்லை.

அந்த ஆண்டு குளிர் வரவில்லை. மழைதான் வந்தது. மரங்கள் ஏமாந்துபோய்த் துளிர்விட்டன.

“எங்கள் ஆட்சியில் பனி தவறாது” என்று சொல்லித்தான் ஆளுங்கட்சி தேர்தலில் வென்றிருந்தது. ஆனாலும் பனித்துறை அமைச்சர் வால்தெமார் பதறவில்லை. நாட்காட்டிப்படி சாலை திறக்கப்படும் என்று ஆணையிட்டார். தோணி கரையேறியது. தீவுக்கு மாவும் மருந்தும் போவது நின்றது. கிளைகளை நட இடமில்லாததால் மிதவைகளில் கட்டி மிதக்கவிட்டார்கள். அடுத்து, எல்லோரும் கம்பளிக் கோட்டு அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. சந்தையில் ஆட்கள் வியர்த்து மயங்கி விழுந்தார்கள். அவர்கள் குளிரில் விறைத்துப்போனதாக மருத்துவமனை அறிவித்தது. எல்லா வீட்டிலும் இரவு பகலாகக் கணப்பு எரிய வேண்டும் என்றார்கள். விறகு தீர்ந்ததும் ஜனங்கள் வேலிகளைப் பிடுங்கி எரித்தார்கள்.

சாலைத் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் ஊரையே மைதானத்தில் கூட்டினார்கள். விரிகுடாவில் பனிக்கட்டி இருக்கிறது என்பவர்கள் கை தூக்கலாம், மற்றவர்கள் தனியாக வந்து நிற்கலாம் என்றார்கள். தனியாக நிற்பவர்களைக் கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டியும் காவலர்களும் தயாராக இருந்தார்கள். ஒருவரும் தனியாக நிற்கவில்லை.

மருத்துவச்சி ஹில்க்காவும் கை தூக்கினாள். அவள் மகள் லெம்பி தீவில் நிறைமாதமாக இருந்தாள். லெம்பியின் முதல் பிள்ளை குறுக்கே கிடந்து இறந்தது. இந்த முறை தானே பார்க்க வேண்டும் என்று ஹில்க்கா நினைத்திருந்தாள். கண் மருத்துவமனையில் அடைத்துவிட்டால் யார் பார்ப்பது?

விழா நாளன்று, வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது தீவின் மணி விடாமல் ஒலித்தது. அங்கே ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டால் அப்படி அடிப்பது வழக்கம். தீவில் வேறு கர்ப்பிணி இல்லை. ஹில்க்கா பையைத் தூக்கிக்கொண்டு நேரே அமைச்சரிடம் போய்ப் படகு கேட்டாள்.

“படகா?” என்றார் அமைச்சர். “சாலையில் படகு ஓட்டுவது குற்றம். அங்கே உறுதியான, தேசியப் பனிக்கட்டி இருக்கிறது. நான் சாலையைத் திறந்து வைத்ததும் நடந்து போகலாம்.”

“ஐயா, புள்ள குறுக்க கெடந்தா ரெண்டு உசுரும் போயிடும்.”

“நேற்று நீங்களும் கை தூக்கினீர்களே, அம்மா.”

“தூக்கினேன். அதுக்கு எம்மக சாகணுமா?”

அமைச்சர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். விழா உரையைத் தொடங்கினார். ஹில்க்கா கோட்டைக் கழற்றி மேடையிலேயே போட்டாள். மீன்பிடித் துறையில் கட்டியிருந்த சிறு படகை அவிழ்த்துத் தள்ளினாள். அது சளப்பென்று இறங்கிய சத்தத்தில் உரை நின்றுவிட்டது. சட்டப்படி அப்படியொரு சத்தம் கேட்டிருக்கக் கூடாது.

அவளைக் கைது செய்யச் சொன்னார் அமைச்சர். காவல் தலைவன் ஓயிவா விறைப்பாக வணக்கம் வைத்தான்.

“படகுல போய்ப் புடிக்கட்டுங்களா?”

“நீயும் குற்றம் செய்யப் போகிறாயா? நடந்து போய்ப் பிடி.”

ஓயிவா கரையோரம் வரை போனான். பூட்ஸ் முனையில் அலை தொட்டது. திரும்பி வந்தான்.

“மொதல் அடி அமைச்சர் வைக்கிறதுதானுங்களே மொறை. நீங்க கால வையுங்க. நாங்க பின்னாலயே வந்துடறோம்.”

ஊர் முழுக்க அமைச்சரைப் பார்த்தது. அவர் ரிப்பனை வெட்டினார். வலது காலைத் தூக்கினார்.

ஹில்க்கா மிதக்கும் கிளைகளுக்கு நடுவே துடுப்பு வலித்துக்கொண்டிருந்தாள். தீவுக்காரர்கள் இடுப்பளவு இறங்கிப் படகை இழுத்துக்கொண்டார்கள். மணி மட்டும் ஓயவில்லை. வெகுநேரம் கழித்து அது சட்டென்று நின்றபோது கரையில் எல்லோரும் தீவுப் பக்கம் திரும்பினார்கள். பிறகு நிதானமாக மூன்று அடி. தாயும் பிள்ளையும் நலம் என்று பொருள்.

அமைச்சரின் கால் அப்போதும் அந்தரத்தில்தான் இருந்தது. இருபுறமும் இரண்டு செயலாளர்கள் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அந்தக் காலைப் பார்த்தது. அதற்குக் கீழே தளும்பிக்கொண்டிருந்த தேசியப் பனிக்கட்டியைப் பார்த்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கோட்டைக் கழற்றிவிட்டு, கரையில் கிடந்த தோணியை நோக்கி நடந்தது.