டைகருக்கு ஒரு டியூப்லைட்

தலைமாட்டில் டியூப்லைட் விழுந்து சிதறியபோதுகூட டைகர் திரும்பிப் பார்க்கவில்லை. கொம்பையாவுக்குத்தான் பாதி உயிர் போனது.

டைகர் என்றதும் பயந்துவிட வேண்டாம். அது ஒரு பச்சை நிற இகுவானா; ஓணான் வம்சத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளை. பிளான்ட் மேனேஜர் வனமாமலையின் மகள் கனிஷ்கா செல்லமாக வளர்ப்பது. உடைந்ததும் சாதாரண டியூப் இல்லை, யூ.வி. டியூப். கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்கிற பிராணிக்கு வெயிலுக்குப் பதிலாகக் கொடுக்கிற வெளிச்சம். அது படாவிட்டால் எலும்பு இளகிவிடும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. தூசி துடைக்கிறேன் பேர்வழி என்று ஸ்டூலில் ஏறி, அதைத் தரையில் போட்டுவிட்டான் கொம்பையா.

பள்ளிக்கூட லீவுக்குத் தாயும் மகளும் கோயம்புத்தூர் போகிறார்கள்; மேனேஜருக்கு புனேயில் ஒரு மாதம் டிரெய்னிங். வல்லம் வடகால் கம்பெனியில் எலக்ட்ரீஷியன்கள் நாலு பேர் இருக்க, அவர் கொம்பையாவைத்தான் கேபினுக்குள் கூப்பிட்டார். மண்ணூரில் எந்தப் பக்கம் குடியிருக்கிறாய் என்று அக்கறையாக விசாரித்தார். பிறகு, அதுவரை டைகரை அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள நீதான் சரியான ஆள் என்றார். அதைக் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் வரைக்கும் சொல்லித் தீர்த்துவிட்டான் இவன்.

"லைட்டு சமாச்சாரம்லா? மூளை உள்ளவன் கையிலதான் குடுப்பாவ."

அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. வருடக்கணக்காகக் கான்ட்ராக்ட்டில் கிடக்கிறான். பெர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் இந்த வனமாமலைதான். அந்த ஆர்டரைக் கண்ணால் பார்க்காமல் பெண் தர மாட்டேன் என்று சங்கரன்கோவிலில் கனகலட்சுமியின் அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆக, டைகருக்கு ஒன்று ஆனால் கொம்பையாவின் கல்யாணமும் அதோடு போச்சு.

சென்னைக் கடையில் விசாரித்தான். புது டியூப் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்றார்கள். அப்போதுதான் மேற்படி மூளை வேலை செய்தது. கேன்டீனில் ஈ கொல்ல ஒரு நீல விளக்கு மாட்டியிருக்கிறார்கள் இல்லையா? அதிலிருந்து வருவதும் யூ.வி.தான். யூ.வி.யில் என்ன சைவம், அசைவம்? ஷிஃப்ட் முடிந்ததும் அந்த டியூபைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதன் இடத்தில் நீலத்தாள் சுற்றிய சாதா டியூபை மாட்டிவிட்டு வந்தான்.

நீல வெளிச்சத்தில் டைகர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. மற்ற ஜீவராசிகள் அப்படிக் கிடக்கவில்லை. பூச்சியை அழைக்கத்தானே அந்த விளக்கு? கொல்லுகிற கம்பி வலை கேன்டீனிலேயே தங்கிவிட்டதால், மண்ணூரில் சிறகு முளைத்த அத்தனையும் அறைக்குள் வந்து சுகமாகக் குடியேறின. அறையில் கூட இருக்கிற மாரிசெல்வம், முகமெல்லாம் வீங்கி வேலைக்குப் போனான். போன இடத்தில் சாம்பாரில் ஈ மிதந்தது. புகார் மெயின்டனன்ஸுக்கு வந்தது. விளக்கைப் போய்ப் பார் என்று கொம்பையாவையே அனுப்பினார்கள். கெடுத்தவனே போய்ப் பழைய டியூபை மாட்டி, சூப்பர்வைசரிடம் சபாஷும் வாங்கிக்கொண்டான்.

சபாஷ் டைகருக்கு ஆகாரமாகுமா? அது கீரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னங்கால்கள் நடுங்கின. எல்லாம் தான் டியூபை உடைத்த பாவம் என்று கொம்பையா தவித்தான்.

போதாததற்கு மேனேஜரின் டிரைவர் செந்தமிழன் வேறு. இரண்டு நாளுக்கு ஒருமுறை காரை வாசலில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்.

"இன்னாபா, இன்னும் கீதா?"

"இருக்குண்ணே. ஜோரா இருக்கு."

டைகரை ஒரு பார்வை, கொம்பையாவை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார். மேனேஜர் வைத்த ஒற்றன் என்று கொம்பையாவுக்குப் புரிந்துபோயிற்று. உடைந்த டியூபின் மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தான்.

இனி நிஜ வெயில்தான் கதி. ஆனால் அந்த அறையில் வெயிலுக்கு இடமே கிடையாது. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் குடியிருக்கிற அறைகளில் ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருக்கும்; நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவன் பகலில் தூங்க வேண்டுமே. கொம்பையா ஒரு ஜன்னலின் தாளைச் சுரண்டி எடுத்துப் பெட்டியை அங்கே நகர்த்தினான். வெயில் பளீரென்று விழுந்தது, மாரிசெல்வத்தின் மூஞ்சியில். தூக்கம் கெட்டவன் அன்று லைனிலேயே நின்றபடி தூங்கி, சூப்பர்வைசர் கண்ணில் பட்டான். டைகருக்கோ ஒரு மாற்றமும் இல்லை. வெயிலில் இருக்கிற அந்தச் சத்தைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பது இவன் மூளைக்கு எட்டாத சங்கதி.

மறுநாள் கொம்பையா வேலையிலிருந்து திரும்பினால் பெட்டி காலியாக இருந்தது. மாரிசெல்வம் போர்வைக்குள்ளிருந்து பேசினான்.

"மேல கொண்டு போட்டுட்டேன் ஒன் புலிய. இனி இந்த ரூமுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

கொம்பையா மாடிக்கு ஓடினான். மொட்டை மாடியில் வீட்டுக்காரம்மா கிளியம்மாள் வடகம் காய வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய செம்பருத்தித் தொட்டி. தண்ணீர்த் தொட்டி நிழலில் பாதி, வெயிலில் பாதியாகப் படுத்துக்கொண்டு, செம்பருத்திப் பூவை மென்றுகொண்டிருந்தது டைகர். அது தின்னுகிறதே என்ற சந்தோஷத்தில் கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலேயே கிளியம்மாள் வந்து நின்றார்.

"தே, இன்னாது இது? சாமிக்கு வச்ச பூவத் துன்னுகினு கீது. நாளைக்கே வூட்டக் காலி பண்ணு."

கொம்பையா காலில் விழாத குறை. மோட்டார் ஒயரிங்கைச் சும்மாவே மாற்றித் தருகிறேன் என்றான். ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டான். அந்த ஒரு நாளில் டைகர் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்டது. வருஷா வருஷம் கிளியம்மாளின் வடகத்தில் பாதியைக் கொண்டுபோகிற காக்கைகள் அன்று வந்தன. டைகர் தலையைத் தூக்கி, தாடைக்குக் கீழே தொங்குகிற தோலை விரித்தது. அவ்வளவுதான், காக்கைகள் பக்கத்துத் தெரு வடகத்துக்குப் போய்விட்டன. சாயங்காலம் டைகரைக் கீழே கொண்டுபோக வந்த கொம்பையாவைக் கிளியம்மாள் முறைத்தார். நாளைக்குக் காலையில் வெயில் வந்ததும் மறுபடியும் கொண்டுவந்து விட வேண்டும், வடகம் முடிந்தால் அப்பளம் இருக்கிறது என்று கண்டிப்பாகச் சொன்னார். பூவையும் அவரே பறித்துப் போட ஆரம்பித்தார்.

மே மாத வெயில் மண்ணூரில் கொஞ்சநஞ்சமா? மனிதர்கள் கருகினார்கள், டைகர் பச்சைப்பசேலென்று தழைத்தது. கால் நடுக்கம் நின்றது. சுவரில் ஏறியது. எட்டிப் பார்க்க வந்த செந்தமிழனை வாலால் ஒரு வீசு வீசியது. அவர் வாயைப் பிளந்துகொண்டு போனவர், அதற்கப்புறம் வரவே இல்லை.

மாதம் முடிந்து வனமாமலை வந்தார். கனிஷ்காவைக் கூட்டிவராமல் தனியாகத்தான் வந்தார். தண்ணீர்த் தொட்டி மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்த டைகரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டைகரை டாக்டரிடம் காட்டிவிட்டு, மறுநாள் கொம்பையாவைக் கேபினுக்கு அழைத்தார். இவனுக்கு மறைக்க மனசு வரவில்லை. டியூப் முதல் நாளே உடைந்ததைச் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டான்.

வனமாமலை சிரித்தார். "நல்லவேளை உடைச்ச. வருஷக்கணக்கா மாத்தாத டியூப்ல வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சும், யூ.வி. எப்பவோ போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். எரியுதேன்னு நானும் விட்டுட்டேன். வெயில்தான் அதைக் காப்பாத்தியிருக்கு."

சொல்லிக்கொண்டே ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கொம்பையா கால் தரையில் படாமல் வெளியே வந்தான். சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டான். கேன்டீனுக்கு ஒரு சுற்று, லைனுக்கு ஒரு சுற்று என்று எல்லாரிடமும் ஆர்டரைக் காட்டிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த செந்தமிழனிடம் வந்து நின்றான்.

"என்னண்ணே, வேவு பாத்து என்ன கண்டீய? நாலு எலக்ட்ரீஷியன் இருக்கையில சார் என்னைய ஏன் எடுத்தாவன்னு இப்பம் வெளங்குதா?"

செந்தமிழன் டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"வேவா? அது ஒரு வாரம் தாங்காதுன்னு உன்னாண்ட குடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டரு கைய விரிச்சிட்டாரு. பாப்பா ஊர்லேந்து வர்றதுக்குள்ள பொதச்சிடுன்னு சாரு சொன்னாரு, நானும் மம்முட்டிய டிக்கில போட்டுகினு உன் வூட்டுக்கு அலைஞ்சேன். நாலு எலக்ட்ரீஷியன்ல உன் ரூமு பின்னாடிதாம்பா காலி மனை கீது."