கணவாய்க்கு அந்தப் பக்கத்துச் சைக்கிள் வழி

மதிப்பிற்குரிய ஹாரன் அண்ணன் அவர்களுக்கு,

தாங்கள் பிரேக் என்று பெயர் வைத்த கீழ் டிப்போ டிரைவர் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் அண்ணியாரும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இன்று காலை ஏழு மணியிலிருந்து நான் சௌக்கியமாக இல்லை. ஓய்வு பெற்ற நான்கு வருஷத்தில் ஒரு வரி எழுதிப் போடாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்றால் காரணம் இருக்கும் என்று தாங்களே ஊகித்திருப்பீர்கள். போனில் பேசலாம்தான். ஆனால் காது மந்தமான பிறகு தங்களுக்குக் கத்தினால்தான் கேட்கிறது. நான் கத்தினால் சமையலறையில் இருக்கும் என் மனைவிக்கும் கேட்கும். அவள் காதில் விழக்கூடாத விஷயம் இது. ஆகவே கடிதத்தை மூன்று மணி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கணவாயில் டிரைவர் மாறும்போது உங்கள் பக்கத்து டிரைவர் வாங்கி வந்து தங்கள் வீட்டில் சேர்ப்பார்.

விஷயம் என் மாப்பிள்ளையைப் பற்றியது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிற வேலை அவருக்கு. தங்கமான மனிதர். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் என்னிடம் அவர் பேசியது 'ஆமா மாமா', 'சரி மாமா' இரண்டுதான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சைக்கிள் வாங்கினார். அதன் டயர் என் கட்டை விரல் அகலம்கூட இல்லை. அந்த மாதிரி சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கூட்டம் ஊர் ஊராகச் சுற்றி வருகிறதாம், அதற்கு ஒரு சங்கமும் இருக்கிறதாம். சங்கத்துக்குப் புதிய வழி ஒன்று தேடிக்கொண்டிருந்தவர், போன மாதம் சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, நீங்க பஸ் ஓட்டின ரோட்டுலயே போகலாம்னு இருக்கேன். கணவாய் ஏறி, அந்தப் பக்கம் ஆறு வரைக்கும். உங்களைவிட அது யாருக்குத் தெரியும்? எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை. என் மனைவியும் மகளும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணே, நான் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. இது தங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு டிப்போவிலிருந்தும் பஸ் கிளம்பி உச்சியில் சந்திக்கும், பத்து நிமிஷம் இன்ஜின் ஆறும், நீங்கள் என் பஸ்ஸிலும் நான் உங்கள் பஸ்ஸிலும் ஏறிக்கொண்டு அவரவர் வீட்டுப் பக்கம் இறங்கிவிடுவோம். டிரைவர்கள் ராத்திரி வீட்டில் படுக்கட்டும் என்று எந்த மகராசன் செய்த ஏற்பாடோ தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், புதுப் பெண்டாட்டி ஆசையாக, "அந்தப் பக்கம் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள். பாதி மலைதான் ஓட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று கணவாய் டீக்கடையில் தாங்கள் சொன்னதை நான் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். மறுநாளும் கேட்டாள். முப்பத்தொரு வருஷ வேலையும் அப்படியே ஓடிவிட்டது. ஒரு லீவு நாளில் பயணியாக ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். லீவு நாளில் எந்த டிரைவர் பஸ் ஏறுவான்?

எழுத உட்கார்ந்ததும் எங்கள் பக்கம் மளமளவென்று வந்துவிட்டது. பதினேழு கொண்டை ஊசி வளைவு, எதில் மழைக்குப் பிறகு ஜல்லி கிடக்கும், எந்தப் பாறையில் தண்ணீர் கசிந்து ரோட்டில் பாசி பிடிக்கும், எல்லாம் எழுதினேன். உச்சிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்புறம் தங்களை மனதில் நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் எழுதிவிட்டேன். அறுபது பலகை போட்ட மரப்பாலம், பஸ்ஸைப் பார்த்தால் பின்னங்காலில் எழுந்து நிற்கும் நாய், ஆற்றங்கரையில் சூப் விற்கும் அம்மாள், ஒன்றையும் விடவில்லை. மொத்தம் பதினொரு பக்கம். மாப்பிள்ளை அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பிடியில் கட்டிக்கொண்டு, இன்று காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பிவிட்டார். கூட்டத்தைக் கூட்டிப் போவதற்கு முன்னால் தனியாக ஒரு தடவை பார்த்துவிட்டு, மாலை பஸ்ஸில் சைக்கிளை மேலே ஏற்றிக்கொண்டு வந்துவிடுவதாக ஏற்பாடு.

ஏழு மணிக்கு என் மனைவி காப்பியைக் கொடுத்துவிட்டு, "அந்தப் பாலத்துல சைக்கிள் சக்கரம் பலகைச் சந்துல மாட்டாதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். மாட்டுமா மாட்டாதா என்று சொல்ல அங்கே முதலில் பாலம் இருக்க வேண்டுமே. தாங்கள் ஒரு வருஷம் மரப்பாலம் என்றீர்கள். இன்னொரு வருஷம் இரும்புப்பாலம். ஒரு மழைக்காலத்தில் பாலமே அடித்துக்கொண்டு போய்விட்டது, பஸ்ஸை ஆற்றில் இறக்கித்தான் ஓட்டிவந்தேன் என்றீர்கள். தங்களைப் பற்றி டிப்போவில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது தங்களுக்கே தெரியும், நான் எழுதி மரியாதைக் குறைவாக நடந்துகொள்ள விரும்பவில்லை. மூன்று பாலத்தில் எனக்குப் பிடித்த பாலத்தை நான் எழுதிவிட்டேன் என்பதுதான் விஷயம்.

ஓடிப்போய் எழுதியதன் கரட்டுப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் பக்கத்தில், 'உச்சியிலிருந்து ஆறுவரை ஒரு வளைவுகூடக் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம், பிரேக்கில் கை வைக்கத் தேவையில்லை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அண்ணே, இறக்கத்தில் எறும்பு குறுக்கே வந்தாலும் பிரேக் போடுவேன் என்றுதானே எனக்கு அந்தப் பெயரை வைத்தீர்கள்? நானா இதை எழுதினேன்? என் மகளுக்கு ஏழாவது மாதம். அவள் கூடத்தில் உட்கார்ந்து குட்டிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். மலையில் எங்கே சிக்னல் கிடைக்கிறது. பஸ்ஸில் போய்ப் பிடித்துவிடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் நம் ஆள்தான், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே இடம் போட்டுக் கொடுத்தார். அந்த மரியாதையோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் முதல் வளைவிலேயே என் வலது கால் தானாகப் பிரேக் மிதித்தது. காலடியில் பிரேக் இல்லை, ஒரு பெண்மணியின் முட்டை அட்டை இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வளைவு வந்துவிட்டது. அந்தப் பெண்மணி போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசில் அடிக்க, பஸ் நிற்க, "ஐயா, நீங்க இறங்கிக்கிட்டா எல்லாருக்கும் நல்லது" என்று டிரைவரே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் ஓட்டிய ரோட்டில் முதல் தடவையாக நடந்து இறங்கி வந்தேன். வாசலில் நின்ற மனைவி என் செருப்பைப் பார்த்துவிட்டு, "எங்க போய்ட்டு வர்றீங்க?" என்றாள். "சும்மா ஒரு நடை" என்றேன். செருப்பெல்லாம் மஞ்சள் கரு. சும்மா நடந்தால் இது எப்படி வரும் என்று அவள் கேட்கவில்லை, கேட்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

ஆகவே அண்ணன் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் கண்டதும் யாரையாவது கூட்டிக்கொண்டு ரோட்டோடு மேலே வந்து பாருங்கள். மெல்லிய ஆள், நீலச் சட்டை, மூக்குக்கண்ணாடி. எங்கேயாவது விழுந்து கிடந்தால் தூக்கிவிடுங்கள். எழுந்து உட்கார்ந்திருந்தால், இதையெல்லாம் எழுதிய மாமனார் ஒரு பொய்யன் என்று தாங்களே சொல்லிவிடுங்கள். அவர் உயிரோடு வீடு வந்தால் போதும், நானும் இன்று ராத்திரிக்குள் என் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். இத்தனை வருஷம் மென்று விழுங்கியது போதும். அவள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. இனி இந்த வீட்டில் ஒரு பொய்க்கும் இடமில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அண்ணியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். குழந்தைகளுக்கு என் ஆசி. தாங்கள் போகும் ரோடெல்லாம் உலர்ந்திருக்கட்டும், திருப்பத்தில் எதிரே லாரி வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி,
பிரேக்

பின்குறிப்பு: இவ்வளவு நீளமாக எழுதியதில் மூன்று மணி பஸ் போய்விட்டது. ஆறு மணி பஸ்ஸில் மாப்பிள்ளை முழுசாக வந்து இறங்கினார். ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அவர் சைக்கிளை இறக்கிக்கொண்டிருக்கும்போது கண்டக்டர் என்னைத் தனியே இழுத்து, "அண்ணே, உங்க மாப்பிள்ளை பத்தரை மணிலேர்ந்து கணவாய் டீக்கடையிலதான் இருந்தாரு. ஏறினதுலயே ஆள் சுருண்டுட்டாரு. ஷூவைக் கழட்டிட்டு பெஞ்சுல நல்ல தூக்கம். வீட்டுல சொல்ல வேணாம்னு என்கிட்ட கேட்டுக்கிட்டாரு" என்றான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் என் மனைவி, "அந்தப் பக்கம் எப்படி இருந்துச்சு மாப்பிள்ளை?" என்றாள். அவர் என்னைப் பார்க்காமல், "மாமா எழுதின மாதிரியேதான் இருந்துச்சு அத்தை. அறுபது பலகை, எண்ணிப் பார்த்தேன். நாய் எழுந்து நின்னுச்சு" என்றார். பிறகு தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சூப்பு விக்கிற அம்மா உங்களை விசாரிச்சாங்க மாமா" என்றார். நான், "அப்படியா, முட்டிவலி தேவலையாமா?" என்றேன். "பரவாயில்லையாம் மாமா" என்றார். என் மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் இன்னொரு கரண்டி பரிமாறினாள். அந்த ரோடு அழகு, ஆனால் சங்கத்துக்குத் தோதுப்படாது, வேறு வழி பார்க்கப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளவும். யாரையும் தேட வேண்டாம். நானும் யாரிடமும் எதையும் சொல்லப்போவதில்லை. என் வீட்டிலிருந்து யார் வந்து கேட்டாலும், நான் தினமும் உங்கள் ஊர்வரை வந்து போனதாகவே சொல்லவும். மாப்பிள்ளையையும் இன்று அங்கே பார்த்ததாகச் சொல்லிவிடுங்கள். பாவம், பழக்கமில்லாதவர், சொல்லும்போது இரண்டு காதும் சிவந்துவிட்டன. முதல் நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது.